விலைகளை விரல்நுனியில் வைத்திருந்தவர்

1990களின் தொடக்கத்தில் ஜேர்மனியின் ரூர்ப் பகுதியில் ஒரு மலிவுக் கடையில் காசாளராகச் சேர்ந்தவருக்கு முதல் வேலை மனப்பாடம்தான். பொருள்களில் விலைச்சீட்டு ஒட்டியிருக்காது. பார்கோடு வாசிக்கும் கருவியும் அப்போது அந்தக் கடைகளில் இல்லை. சீனி, மா, மாஜரின், கோப்பி, மீன் ரின், சலவைத்தூள் என்று சில நூறு பொருள்கள். அத்தனையின் விலையும் தலையில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் பட்டியில் பொருளை வைத்ததும் இடது கை அதை நகர்த்தும், வலது கை கீழே பார்க்காமலே எண்பலகையில் விலையைத் தட்டும். ஒரு பொருளின் விலை மறந்தால் வரிசை முழுக்க நின்றுபோகும்.

யாழ்ப்பாணத்திலிருந்து 1980களின் நடுவில் கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்த அந்த இளைஞர், உணவகச் சமையலறையில் கோப்பை கழுவிய வேலையை விட்டுத்தான் இந்தக் கல்லாவுக்கு வந்தார். விலைப்பட்டியலைக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவைத்தார். ட்ராமில் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஒப்புவித்தார். ஜேர்மன்காரர் எழுபத்தொன்பதை ஒன்பதில் தொடங்கி எழுபதில் முடிப்பார்கள். அந்த வரிசையில் மனப்பாடம் செய்தால் விரல் தவறிவிடும் என்பது அவருக்கு விரைவில் விளங்கியது. எல்லா விலைகளையும் தமிழிலேயே படித்தார். ஜேர்மன் மொழியில் வாடிக்கையாளருடன் பேசிக்கொண்டே தமிழில் விலை தட்டும் பழக்கம், பார்கோடு கருவி வரும் வரைக்கும் போகவில்லையாம்.

இன்று ஓய்வில் இருக்கும் அவர், தன் பெயரும் வேலை செய்த கடையின் பெயரும் வேண்டாம் என்கிறார். மலிவு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லத்தான் அவருக்கு ஆசை. அது தெரிந்தவர் மட்டுமே மலிவுக் கடையில் உண்மையில் மிச்சம் பிடிக்கிறார் என்பது இத்தனை வருடக் கல்லா அவருக்குக் கொடுத்த முடிவு.

இந்த வகைக் கடைகள் பிறந்த மண்ணும் அதே ரூர்ப் பகுதிதான். எஸ்ஸன் நகரின் ஷொன்னெபெக் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் 1913இல் அன்னா அல்பிரெக்ட் என்ற பெண் ஒரு சிறு கடை திறந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய அவருடைய மகன்கள் கார்லும் தியோவும் கடையைக் கையில் எடுத்தார்கள். ஊரில் யாரிடமும் காசில்லை. கடையைப் பெருக்கிப் பொருள் நிரப்பச் சகோதரர்களிடமும் முதல் இல்லை. ஆகவே ஆட்கள் நாளாந்தம் வாங்குகிற, கெதியாக விற்றுப்போகிற சில நூறு பொருள்களை மட்டும் வைத்தார்கள். பிறகு கையில் காசு வந்தபோதும் அந்தப் பட்டியலை அவர்கள் நீட்டவில்லை. வியாபாரத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

அக்காலத்து ஜேர்மன் சட்டப்படி, கடைக்காரர் வாடிக்கையாளருக்கு 3 சதவீதத்துக்கு மேல் கழிவு கொடுக்கக் கூடாது. 1933இல் வந்த சட்டம் அது, 2001இல்தான் நீக்கப்பட்டது. மற்றக் கடைகள் அந்த 3 சதவீதத்தை முத்திரைகளாகக் கொடுத்தன. குடும்பத்தலைவி அவற்றைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்துப் பிறகு காசாக மாற்ற வேண்டும். அல்பிரெக்ட் சகோதரர்கள் முத்திரை கொடுக்கவில்லை. அந்தக் கழிவை விலையிலேயே முதலில் குறைத்துவிட்டார்கள். 1950இல் 13 கடைகளாக இருந்தது 1960இல் 300 ஆனது. அந்த நேரத்தில்தான் சிகரெட் விற்பதா வேண்டாமா என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் பிணக்கு வந்தது. விற்கலாம் என்றார் தியோ. திருட்டுத்தான் கூடும் என்றார் கார்ல். தொழில் இரண்டாகப் பிரிந்து, எஸ்ஸனைத் தலைமையிடமாகக் கொண்ட வட அல்டியும் பக்கத்து நகரமான முல்ஹைமைத் தலைமையிடமாகக் கொண்ட தென் அல்டியும் ஆயின. அல்டி என்ற பெயரில் முதல் கடை 1962இல் டோர்ட்முண்டில் திறந்தது. இன்னொரு மலிவுக் கடை நிறுவனமான லிடிலின் முதல் கடை 1973இல் லுட்விக்ஸ்ஹாஃபனில் வந்தது.

சில நூறு பொருள் மட்டும் வைத்தால் விலை எப்படிக் குறையும்? அவர் சீனியை வைத்து விளக்குவார். பெரிய சுப்பர்மார்க்கெட்டில் ஐந்தாறு வகைச் சீனி இருக்கும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் விற்கும். மலிவுக் கடையில் ஒரு சீனிதான். நாடு முழுக்க இருக்கும் எல்லாக் கிளைகளின் தேவையும் அந்த ஒரே சீனியில் வந்து குவிகிறது. அந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு ஆலைக்காரரிடம் பேரம் பேசுகிறவருக்கு வேறு யாருக்கும் கிடைக்காத விலை கிடைக்கிறது. பொருள் வந்து இறங்கிச் சில நாளில் விற்றுவிடும். ஆலைக்காரருக்குக் காசு கொடுக்கும் தவணைக்கு முன்பே விற்ற காசு கல்லாவில் இருக்கும்.

மீதி மிச்சம் எல்லாம் வேலையைக் குறைப்பதில். அட்டைப் பெட்டியை யாரும் பிரித்து அடுக்குவதில்லை. முன்பக்கத்தைக் கிழித்து அப்படியே தட்டில் தள்ளிவிடுவார்கள். பாலும் தண்ணீரும் மரத்தட்டுடனே வந்து நிற்கும். தள்ளுவண்டிக்கு ஒரு மார்க், இப்போது ஒரு யூரோ, போட்டால்தான் சங்கிலி கழலும். காசைத் திரும்ப எடுக்கவென்று வாடிக்கையாளரே வண்டியைக் கொண்டுவந்து விடுவார்; வண்டி பொறுக்க ஆள் வேண்டாம். கல்லாவுக்கு அந்தப் பக்கம் பொருள் தேங்க இடமே இருக்காது. தட்டிய வேகத்துக்கு வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, யன்னலோரப் பலகையில் வைத்து ஆறுதலாகப் பையில் அடுக்க வேண்டியது வாங்கினவர் வேலை. புதிதாக வருகிற தமிழ் ஆட்கள் இதில்தான் பதறுவார்கள். கடைக்காரன் விரட்டுகிறான் என்று கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. அவர்களுக்கு அவர் சொல்வது ஒன்றுதான்: அந்த அவசரத்துக்கு உங்களுக்குத்தான் கழிவு.

அமெரிக்காவின் வால்மார்ட் 1997இல் ஜேர்மனிக்குள் வந்தபோது வாசலில் ஆள் நிறுத்தி வரவேற்றது, கல்லாவில் பொருளைப் பையில் போட்டுக் கொடுத்தது. மலிவுக் கடைக்குப் பழகிய ஜேர்மன் வாடிக்கையாளருக்கு அந்த உபசாரம் பிடிபடவில்லை. பையில் போட்டுக் கொடுக்கிறவரின் சம்பளமும் சீனி விலைக்குள்தான் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. 2006இல் வால்மார்ட் தன் 85 கடைகளையும் விற்றுவிட்டு வெளியேறியது.

கல்லாவில் இருப்பவர் மலிவுக் கடை பிடிக்கும் மிச்சத்தின் இன்னொரு பகுதி. அவரே அதிகாலையில் பாலை இறக்குவார், அழுகிய தோடம்பழம் பொறுக்குவார், வரிசை நீண்டால் ஓடிவந்து கல்லாவில் உட்காருவார், கடை பூட்டியதும் தரை துடைப்பார். ஒரு வேலைநாளில் அவர் கைவழியே போகும் சாமான் நிறுத்தால் தொன் கணக்கில் வரும். தண்ணீர்ப் போத்தல் கட்டுகள் மட்டுமே தோளை வாங்கிவிடும். மணிக்கட்டு வலி இல்லாத பழைய காசாளரை அவர் கண்டதில்லை.

பார்கோடு கருவி அல்டியின் கடைகளுக்கு 2000களின் தொடக்கத்தில்தான் வந்தது. அவ்வளவு பிந்தியதற்குக் காரணம் காசாளரின் விரல்கள். பழைய கருவிகளைவிட அந்த விரல்கள் வேகம். தென் அல்டியில் விலையையே நினைவில் வைத்துத் தட்டினார்கள். வட அல்டியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம் இருந்தது. கருவி வந்தபோது அந்த வேகம் குறையக் கூடாது என்பதற்காகப் பெட்டியின் பல பக்கங்களிலும் நீளமாகப் பார்கோடு அச்சடித்தார்கள். எந்தப் பக்கம் பட்டாலும் வாசிக்கும். இடையில் 2002 ஜனவரியில் மார்க் போய் யூரோ வந்தது. ஒரு யூரோ 1.95583 மார்க். பல வருடங்களாக விரலில் ஊறிய விலைகள் ஒரே இரவில் செல்லாக்காசாயின. அந்தப் பனிக்கால விடுமுறையில் மற்றவர்கள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவர் வீட்டில் மனைவி பொருளின் பெயரைச் சொல்ல அவர் யூரோ விலையை ஒப்புவித்துக்கொண்டிருந்தார். அதைச் சொல்லும்போது இப்போதும் அவர் முகத்தில் பெருமை. அது நியாயமான பெருமை.

தமிழ் வாடிக்கையாளர்களோடு அவருக்கு நடந்த பேச்சுகளில் ஒன்று அடிக்கடி திரும்பி வந்தது.

“தம்பி, இதென்ன பேர் கேள்விப்படாத பால்? பிள்ளையளுக்குக் குடுக்கலாமோ?”

“பெட்டியைத் திருப்பிப் பாருங்கோ அக்கா. முட்டை மாதிரி ஒரு வட்டத்துக்குள்ளை எழுத்தும் நம்பரும் கிடக்குது. வீட்டை போய் மற்றக் கடையிலை வாங்கின விலை கூடின பால் பெட்டியிலையும் அந்த நம்பரைப் பாருங்கோ.”

பால், இறைச்சி, மீன் போன்ற பொருள்களில் அந்த முத்திரை ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் கட்டாயம். நாட்டின் எழுத்து, ஜேர்மனியானால் பெரும்பாலும் மாநிலத்தின் எழுத்து, கடைசியாகப் பொருளைப் பதனிட்ட அல்லது பொதி செய்த ஆலையின் இலக்கம். விளம்பரம் நிறைந்த பாலும் பெயர் தெரியாத பாலும் ஒரே ஆலையிலிருந்து வருவதை அதில் பல தடவை காணலாம். ஆனால் அவர் அதோடு நிறுத்தமாட்டார். ஆலை ஒன்று என்பதால் செய்முறையும் ஒன்று என்று ஆகாது. யோகட்டில் பழத்தின் அளவு குறையலாம், சீனி கூடலாம். இலக்கத்தைப் பார்த்த பிறகு சேர்மானப் பட்டியலையும் பார்க்க வேண்டும். இன்னும் ஐயம் இருந்தால் ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் இருக்கிறது. 1964இல் அரசு நிறுவிய பொருட்சோதனை அமைப்பு அது. கடையில் காசு கொடுத்துப் பொருளை வாங்கி ஆய்வுகூடத்தில் சோதித்துப் புள்ளி போட்டுச் சஞ்சிகையில் வெளியிடும். மலிவுக் கடைகளின் சொந்தத் தயாரிப்புகள் அதில் பெயர்போன கொம்பனிகளை முந்துவது வழக்கமாக நடக்கிறது.

கடைகள் சொந்தப் பெயரில் பொருள் விற்கத் தொடங்கியதற்கும் ஒரு சட்டக் காரணம் உண்டு. 1970களின் தொடக்கம் வரை பெயர்போன பொருளின் சில்லறை விலையைத் தயாரிப்பாளரே நிர்ணயிக்கலாம். கடைக்காரர் குறைத்து விற்க முடியாது. 1974இலிருந்துதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. அதற்கு முன்பே மலிவுக் கடைகள், தாங்களே பெயர் வைத்த பொருளுக்குத் தாங்களே விலை வைக்கலாம் என்ற வழியைப் பிடித்துவிட்டன.

இனி வருவது அவர் ஆகக் கூடுதலாக அக்கறைப்படும் விஷயம். தட்டின் விளிம்பில் விலைக்குக் கீழே சிறிய எழுத்தில் இன்னொரு விலை இருக்கும். ஒரு கிலோவுக்கு அல்லது ஒரு லீற்றருக்கு எவ்வளவு என்று சொல்லும் விலை. ஜேர்மனியில் 2000இலிருந்து அது கட்டாயம். பெரிய எழுத்து விலையைப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். சிறிய எழுத்தைக் குனிந்து பார்ப்பவர்கள் மிகக் கொஞ்சம். ஒரு பொதி 1.29 யூரோ, பக்கத்தில் இன்னொன்று 1.09 யூரோ என்று வையுங்கள். கை இரண்டாவதுக்குத்தான் போகும். முதலாவதில் 500 கிராமும் இரண்டாவதில் 400 கிராமும் இருந்தால் கிலோ விலை 2.58, 2.73. மலிவென்று எடுத்ததுதான் விலை கூடியது.

2009க்கு முன் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. சீனி, பால், சொக்லேட் போன்ற பலவற்றுக்குப் பொதியின் அளவையே சட்டம் வரையறுத்திருந்தது. அந்த ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலான பொருள்களுக்கு அதைத் தளர்த்தியது. அதன் பிறகு பொதி அதே உயரத்தில் இருக்க, உள்ளே 200 கிராம் 180 ஆனது, 500 மில்லிலீற்றர் 450 ஆனது. ஹம்பர்க் நுகர்வோர் நிலையம் இப்படிப்பட்ட ஏமாற்றுப் பொதிகளைத் தேடிப் பட்டியல் போட்டு, 2014இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் மக்களின் வாக்கெடுப்பில் அவ்வாண்டின் மோசமான பொதியைத் தெரிந்தெடுக்கிறது. விலையை உயர்த்துவதாவது நேர்மையான காரியம், எல்லோருக்கும் தெரியும். உள்ளே குறைத்துவிட்டுப் பழைய விலையிலேயே விற்பது எண் வாசிக்க நேரமில்லாத தாயிடமிருந்து எடுப்பது என்று அவர் சொல்லும்போது குரல் உயர்ந்துவிடுகிறது.

2022இல் ஒரு நல்ல மாற்றமும் வந்தது. சிறிய பொதிகளுக்கு 100 கிராம் விலை போட்டால் போதும் என்றிருந்த சலுகை போய், அவற்றுக்கும் பொதுவாகக் கிலோவுக்கோ லீற்றருக்கோதான் விலை காட்ட வேண்டும் என்றாயிற்று. மசாலாச் சரக்குப் போத்தல்களின் உண்மை அப்போதுதான் பலருக்கு வெளிச்சமானது. கைக்குள் அடங்கும் நற்சீரகப் போத்தல் ஓரிரு யூரோவாகத் தெரியும். கிலோ விலையைப் பார்த்தால் நல்ல மாட்டிறைச்சியைவிடக் கூட.

அதனால் அவர் வீட்டுச் சாமான் எப்போதும் மூன்று கடைகளிலிருந்து வந்தது. சீனி, கோதுமை மா, பால், பட்டர், முட்டை, சூரியகாந்தி எண்ணெய், வெங்காயம், உருளைக்கிழங்கு, கரட், கோவா, லீக்ஸ், மீன் ரின், சவர்க்காரம் எல்லாம் மலிவுக் கடையில். மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை, பச்சைமிளகாய், கொத்தமல்லித்தழை, வெண்டிக்காய் துருக்கிக் கடையில். கட்டுக்கட்டாக, கிலோக்கணக்கில், மலிவாகக் கிடைக்கும். அரிசி மூட்டை, இடியப்ப மா, மிளகாய்த்தூள், சீரகம், கருவாடு, கறிவேப்பிலை தமிழ்க்கடையில். தமிழ்க்கடையில் சில சாமான் விலை கூடத்தான். ஆனால் கறிவேப்பிலையை விமானத்தில் இறக்கி விற்கிறவரிடம் போய்ப் பால் விலையை அல்டியோடு ஒப்பிட்டுச் சண்டை பிடிப்பது அவருக்குப் பிடிக்காது. அவரவருக்கு மலிவாகக் கொடுக்க முடிந்ததை அவரவரிடம் வாங்க வேண்டும் என்பார்.

2022 பெப்ரவரியில் உக்ரேன் போர் தொடங்கி, மார்ச்சில் சூரியகாந்தி எண்ணெய் தட்டுகளிலிருந்து மறைந்தபோது, பல கடைகள் ஆளுக்கு இவ்வளவு போத்தல்தான் என்று அளவு வைத்தன. வடைச் சட்டி வைக்கும் தமிழ் வீடுகளிலிருந்து அவருக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் கொஞ்சநஞ்சமல்ல. கனோலா எண்ணெய் இருக்கிறது, பொரிக்கலாம், மணம் பழகிவிடும் என்று எல்லோருக்கும் ஒரே பதில்.

மலிவுக் கடையில் மிச்சம் பிடித்த காசு தொலைகிற இடமும் அதே கடைக்குள்தான் இருக்கிறது: நடு வரிசை. கிழமைக்கு இரண்டு முறை புதுச் சாமான் இறங்கும். துளைபோடும் கருவி, ஏணி, பனிச்சறுக்குக் கையுறை, பூச்சாடி. 1990களில் அல்டி கணினி விற்றபோது கடை திறக்குமுன்னே வாசலில் வரிசை நின்றது. பொருள் பெரும்பாலும் நல்லதுதான், விலையும் குறைவுதான். ஆனால் பாலும் மாவும் வாங்க வந்தவர் ஏணியோடு போனால் அந்த மாதத்து மிச்சம் முழுவதும் ஏணிக்குள் போய்விட்டது. கல்லாவில் உட்கார்ந்தவருக்கு இது கண்ணாடிபோலத் தெரியும். பட்டியில் முதலில் வந்து விழுவது சீட்டில் எழுதிக்கொண்டு வந்த சாமான், கடைசியில் வருவது எழுதாமல் எடுத்த சாமான். பற்றுச்சீட்டின் கீழ்ப்பாதிதான் எப்போதும் கனம். ஆகவே அவர் தன் வீட்டாருக்கு வைத்த ஒரே கட்டளை, வெளிச்சுவரோரமாகவே நடந்து கல்லாவுக்கு வந்துவிடு என்பது.

திகதி முடியப்போகும் பொருள்களில் ஒட்டும் 30 சதவீதக் கழிவுச் சீட்டை எடுக்கத் தமிழர்கள் கூச்சப்படுவதைப் பார்த்து அவர் வருந்தியதுண்டு. யோகட், மா, பிஸ்கட், பட்டர் இவற்றில் இருக்கும் திகதி, அதுவரை தரம் குறையாது என்ற உறுதிமொழி மட்டுமே. திகதி போன பிறகும் மோந்து, ருசித்துப் பார்த்துப் பயன்படுத்தலாம். அரைத்த இறைச்சி, பச்சைக் கோழி, பச்சை மீன் இவற்றில் இருப்பது வேறு திகதி. அது கடந்தால் தொடக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்தறிந்தவருக்கு மாலை நேரத்துக் கழிவுச் சீட்டு ஒரு கொடை. அங்கும் விற்காமல் மீந்ததைப் பல கடைகள் டாஃபல் என்ற உணவு வழங்கும் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுக்கின்றன. முதல் டாஃபல் 1993இல் பெர்லினில் தொடங்கியது; இன்று நாடு முழுக்க 900க்கு மேல். ஓய்வு பெற்ற பிறகு அவரும் கிழமையில் சில காலைகளில் அங்கே மரக்கறி தெரிவு செய்யப் போகிறார்.

எல்லா மலிவையும் அவர் கொண்டாடவில்லை. 2016 மேயில் மலிவுக் கடைகளில் ஒரு லீற்றர் முழுப்பால் 46 சதத்துக்கு இறங்கியது. ஐரோப்பாவில் பால் உற்பத்திக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடு முந்திய ஆண்டு மார்ச் கடைசியில் நீங்கிப் பால் பெருகியிருந்த நேரம். பால்பண்ணைக்காரர் பலருக்குக் கிடைத்தது லீற்றருக்கு 25 சதத்துக்கும் கீழே. மாட்டுக்குச் செலவானது அதைவிட மிகக் கூட. பண்ணைகள் மூடின. ஊரில் தகப்பன் இரண்டு மாடு வைத்துப் பால் விற்றுப் படிப்பித்த பிள்ளை அவர். அந்த 46 சதப் பெட்டிகளைக் கல்லாவில் தள்ளிய நாட்களில் அவருக்கு வேலை இனிக்கவில்லை. பெட்டி அடுக்குவதில், வண்டி பொறுக்குவதில், விளம்பரத்தில் குறைத்த மலிவு சுத்தமான மலிவு. மாட்டுக்காரர் வயிற்றில் குறைத்தது அப்படியல்ல என்று அவர் இரண்டையும் பிரித்தே பேசுகிறார்.

2019இல் ஜேர்மன் கடைகளில் இறைச்சிப் பொதிகளில் விலங்கு வளர்ந்த முறையைக் காட்டும் இலக்கம் வந்தது. பிறகு பாலுக்கும் வந்தது. 1 என்றால் சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் மட்டும். இலக்கம் ஏற ஏற விலங்குக்கு இடமும் வெளிக்காற்றும் மேய்ச்சலும் கூடும். புதிய இறைச்சியை 2030க்குள் மேல்நிலைகளில் மட்டுமே விற்கப்போவதாக அல்டியின் இரு நிறுவனங்களும் 2021இல் அறிவித்தன. அவர் அதற்குக் காத்திருக்கவில்லை. மாவிலும் சீனியிலும் சலவைத்தூளிலும் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கைப் பாலுக்கென்று ஒதுக்கிவைக்கிறார். பால் தட்டுக்கு முன்னால் நின்றதும் முதலில் அந்த இலக்கத்தைப் பார்க்கிறார், 3க்குக் கீழே இருந்தால் அடுத்த பெட்டியை எடுக்கிறார். கிலோ விலை, லீற்றர் விலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.